கைக்கு மருந்தும் கைக்குத் தொழிலும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆண்டு விழா என்பது இசையும் நாடகமும், குழந்தைகளின் ஒப்பித்தற் போட்டியும், பரிசளிப்பும் நிறைந்த நாள். இத்தகைய நன்னாளில் நோயைப் பற்றியும் உடற்குறையைப் பற்றியும் பேசப் புகுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக் கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. எல்லோரும் மகிழ்ந்து கூடியிருக்கும் வேளையில்தான், இக்கூட்டத்திற்கு வாராதவர் யார் என்பதை எண்ணிப் பார்க்க இயலும். நம் காலனிகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றில், விழாவிற்கு அழைத்து வரப்படாமல் வீட்டோடு விடப்பட்ட ஒருவர் இருக்கிறார். அவர் கால் சூம்பிய தம்பியாக இருக்கலாம்; பார்வை இழந்த அத்தையாக இருக்கலாம்; மனம் கலங்கி, மருந்துண்டு, தேறி வரும் அண்ணனாக இருக்கலாம். அவர்களைப் பற்றியதே இவ்வுரை.

நலிந்தோர்க்கு உதவும் அறநிலையங்கள் இந்நகரில் பல உண்டு. அவை ஆற்றும் பணி இரு பகுதிகளை உடையது. ஒன்று, உடலையும் மனத்தையும் தேற்றும் மருத்துவம். மற்றொன்று, தேறியவர் தம் காலில் நிற்க ஒரு வேலை. முதற் பகுதியை மருத்துவரும் தொண்டரும் தாமே செய்து முடிக்கலாம். இரண்டாம் பகுதியை அவர்கள் தனியே செய்து முடித்தல் இயலாது. அது வேலை கொடுப்பவரின் கையில் உள்ளது. அந்தக் கை பெரும்பாலும் நம்முடையதே. இதனை, நாம் நாள்தோறும் கடந்து செல்லும் சில இடங்களின் வரலாற்றைக் கொண்டே விளக்க முற்படுகிறோம்.

முதலில் நமது தாதரையே எடுத்துக் கொள்வோம். தாதர் கிழக்கில், தாதாசாகேப் பால்கே சாலையில், பார்வையற்ற பெண் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்று உள்ளது. கமலா மேத்தா தாதர் பார்வையற்றோர் பள்ளி என்று இன்று வழங்கும் அந்நிலையம், 1900-ஆம் ஆண்டில், நாட்டைப் பஞ்சம் வாட்டிய காலத்தில், அன்னா மில்லார்டு என்னும் அமெரிக்க அம்மையாரால் தொடங்கப் பெற்றது. பார்வையற்ற பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கற்றவர்களே கேட்ட காலம் அது. பூக்கடைக்கும் புகைவண்டி நிலையத்திற்கும் விரைந்து செல்லும் நம்மில் பலர், இத்தனை அண்மையில் இத்தனை பழைய அறப்பணி ஒன்று நடைபெறுவதை அறியோம்.

படிப்பு வந்தது, பிழைப்பு வந்ததா? பார்வையற்றோர்க்கெனப் பல்லாண்டுகள் ஒதுக்கப்பட்ட தொழில்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல், மெழுகுவத்தி வார்த்தல், துணி நெய்தல், இசை கற்பித்தல் ஆகியன அவை. 1952-ஆம் ஆண்டில் இந்நகரிலேயே தேசியப் பார்வையற்றோர் சங்கம் தோன்றிற்று. அதன் பின் பயிற்சியும் வேலை தேடித் தருதலும் ஒழுங்குபட்டன. அலுவலகங்களின் தொலைபேசிப் பலகை முன் பார்வையற்றோர் பலர் அமர்ந்தனர். செவிக் கூர்மையும் நினைவாற்றலும் அப்பணிக்குப் போதுமானவையாக இருந்தன. பின்னர்த் தொலைபேசி இணைப்புகள் தாமே இயங்கத் தொடங்கவே, அவ்வேலை குறைந்தது. இன்று திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக் காட்டும் கணிப்பொறி வந்துவிட்டது. வங்கியிலும் அலுவலகத்திலும் பார்வையற்றவர் கணக்கும் கடிதமும் கையாளுகிறார். ஒரு தொழில் மறைந்தால் மற்றொரு தொழிலைக் கற்பிக்கத் தொண்டு நிலையங்கள் ஆயத்தமாக இருக்கின்றன. ஆனால் கற்றவரை உட்கார வைக்க ஒரு நாற்காலி வேண்டுமன்றோ? அதை அந்நிலையங்கள் செய்ய முடியாது.

அடுத்து, தாதரை ஒட்டிய பரேலுக்குச் செல்வோம். அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. ஆங்கு, 1950-ஆம் ஆண்டில், நம் நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபிப் பள்ளி தொடங்கப் பெற்றது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர் அம்மையார். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர் அவர். ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தொழில்வழிச் சிகிச்சை எனலாம். நோயாளிக்கு மருந்து கொடுத்துப் படுக்கையில் கிடத்துவதோடு அமையாது, அவர் கையால் பொத்தானை மாட்டவும், கரண்டி பிடிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், உளி பிடிக்கவும் படிப்படியாகப் பழக்குவதே அதன் முறை. ஒரு வேலையைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்துப் பார்ப்பர். எச்செயல் இவரால் இயலும், எச்செயல் இயலாது என்று காண்பர். இயலாத இடத்தில் கருவியை மாற்றுவர். பிடி மெலிந்திருந்தால் கைப்பிடியைப் பருமனாக்குவர். நிற்க இயலாதவர்க்கு மேசையின் உயரத்தைக் குறைப்பர். மனிதன் வேலைக்கு ஏற்றவனா என்று கேட்பது நம் வழக்கம். வேலையை மனிதனுக்கு ஏற்றதாக்க முடியுமா என்று கேட்பது அவர்கள் வழக்கம். இந்த ஒரு கேள்வியை நாம் அவர்களிடம் கற்றுக் கொண்டாற் போதும். பாதித் தடைகள் நீங்கும்.

மேற்கே கடற்கரையோரம் உள்ள ஹாஜி அலியில் எழுந்த நிலையங்களின் கதை ஒரு தாயின் கதை. ஃபாத்திமா இஸ்மாயில் அம்மையாரின் சிறுமகளை இளம்பிள்ளை வாதம் தாக்கிற்று. மருத்துவம் தேடி அலைந்த அத்தாய், மகளைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, எலும்பு மருத்துவ வல்லுநர் எம். ஜி. கினி அவர்களிடம் பல மாதங்கள் தங்கிச் சிகிச்சை பெறச் செய்தார். மகள் நடக்கத் தொடங்கியதும், பிற தாய்மாரின் குழந்தைகளை அவர் மறந்துவிடவில்லை. 1947-இல் இந்நகரில் ஒரு சிறு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1952-இல் அது ஹாஜி அலியில் குழந்தைகளின் எலும்பு மருத்துவமனையாக வளர்ந்தது. அவர் அத்துடன் நின்றாரா? இல்லை. சிகிச்சை பெற்ற பிள்ளைகள் வளர்ந்தனர். நடை வந்தது, வேலை வரவில்லை. இதனைக் கண்ட அம்மையார், உடற்குறையுடையோர் கூடி உழைக்கும் தொழிற்கூடத்தையும் அங்கேயே நிறுவினார். மருத்துவமனையைத் தொடங்கிய கையே பட்டறையையும் தொடங்க நேர்ந்தது என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். இளம்பிள்ளை வாதம் நம் நாட்டை விட்டு அகன்றதென 2014-இல் உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்துவிட்டது. ஆயினும் முன்னர் அந்நோயால் தாக்குண்டவர்கள் இன்றும் நம்மிடையே நடமாடுகிறார்கள். நோய் போய்விட்டதென்று அவர்களையும் மறந்துவிடலாகாது.

இனி, பலரும் பேசக் கூசும் ஒரு நோய்க்கு வருகிறோம். மாதுங்காவையும் வடாலாவையும் ஒட்டி அக்வர்த் தொழுநோய் மருத்துவமனை உள்ளது. 1890-ஆம் ஆண்டில், நகராட்சி ஆணையராக இருந்த அக்வர்த் என்பவரின் முயற்சியால், வீடற்ற தொழுநோயாளர்க்கான புகலிடமாக அது தோன்றிற்று. அன்று அதன் நோக்கம் நோயாளரைத் தெருவிலிருந்து அகற்றுவது. அவரை மீண்டும் தெருவிற்கும் வீட்டிற்கும் கொண்டுவரும் எண்ணம் அன்று எவர்க்கும் இல்லை. அதற்கேற்ற மருந்தும் அன்று இல்லை.

இந்நோயாளரின் கைகளைப் பற்றிய உண்மை ஒன்றை உலகிற்கு உணர்த்திய ஊர் நம் தமிழகத்தின் வேலூர். கொல்லிமலையில் சமயத்தொண்டு புரிந்த ஆங்கிலப் பெற்றோர்க்குப் பிறந்தவர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர். மருத்துவம் பயில்வதற்கு முன் கட்டடத் தொழிலும் தச்சு வேலையும் கற்றவர் அவர். 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்றே அதுவரை எல்லோரும் நம்பினர். அவர் கண்டது வேறு. நோய் நரம்பைத் தாக்குகிறது. தாக்கவே உணர்ச்சி மறைகிறது. சூடான பாத்திரத்தைப் பற்றினாலும், முள் தைத்தாலும் வலி தெரிவதில்லை. வலி தெரியாமையால் புண் கவனிப்பாரின்றிப் பெருகி விரல் தேய்கிறது. ஆதலின், காக்கக் கற்றுக் கொடுத்தாற் கையைக் காப்பாற்றலாம் என்றார். மடங்கிப் போன விரல்களை, நலமாயுள்ள தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவையால் நிமிர்த்தினார்.

அறுவை வெற்றி பெற்றது. அதன் பின் நடந்ததே நாம் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கை நிமிர்ந்து வீடு சென்றவர்களிற் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தனர். மடங்கிய கையைக் கண்டு இரங்கிக் காசு போட்டவர்கள், நிமிர்ந்த கையைக் கண்டு போட மறுத்தனர். நோயின் வடு முகத்தில் இருந்தமையால் வேலை கொடுக்கவும் மறுத்தனர். பிச்சைக்கும் உதவாது, பிழைப்புக்கும் உதவாது நின்றது அந்த நல்ல கை! மருத்துவம் மட்டும் போதாது என்பதனை உணர்ந்த பால் பிராண்ட், 1951-இல் நவ ஜீவ நிலையம் என்னும் புதுவாழ்வு இல்லத்தை வேலூரில் ஏற்படுத்தினார். அங்கே நோயாளர் தச்சும் பிற கைத்தொழிலும் கற்றனர். முன்பு தாம் கற்ற தச்சு வேலை அம்மருத்துவருக்கு அங்கே பயன்பட்டது. உணர்ச்சியற்ற கைக்கு ஏற்றவாறு கருவிகளைத் திருத்தினர். வேலை முடிந்ததும் நாள்தோறும் கையைப் பார்த்துப் புண் உண்டா என்று சோதிக்கும் பழக்கத்தை ஊட்டினர்.

வேலூரில் விளங்கிய இவ்வுண்மையை இந்நகரில் நம் வாசலிலேயே கொண்டுவந்தவர்களும் உண்டு. தாராவி நம்மவர் மிகுதியாக வாழும் இடம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிடும் தொழிலில் உழன்று, அந்தச் சதுப்பு நிலத்தைக் குடியிருப்பாக்கியவர்கள் அங்குள்ள தமிழ் மக்கள். நெருக்கமான குடிசைகளும் வறுமையும் உள்ள இடத்தில் இந்நோய் எளிதிற் பரவும். மருத்துவர் ஆர். கணபதி அவர்கள் 1976-இல் பம்பாய்த் தொழுநோய்த் திட்டம் என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். தாராவி அதன் முக்கியப் பணிக்களங்களுள் ஒன்றாயிற்று. நோயாளர் மருத்துவமனையைத் தேடி வரட்டும் என்று அந்நிறுவனம் காத்திருக்கவில்லை. தொண்டர்கள் சந்து சந்தாகவும் பள்ளி பள்ளியாகவும் சென்று தேமலைக் கண்டறிந்தனர். நோயாளரை ஊரிலிருந்து பிரிக்காமல், ஊருக்குள்ளேயே வைத்து மருந்து கொடுத்தனர். 1890-இல் தோன்றிய புகலிடத்திற்கும் 1976-இல் தோன்றிய இத்திட்டத்திற்கும் இடையே உள்ள தூரம் சில கல்தான். எண்ணத்தின் தூரமோ மிகப் பெரிது.

இன்று நிலை என்ன? 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால், ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ இந்நோய் முற்றிலும் குணமாகிறது. மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. உண்ணத் தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளர் பிறர்க்கு நோயைப் பரப்பும் தன்மையை இழந்துவிடுகிறார். பத்தாயிரம் பேரில் ஒருவர்க்கும் குறைவாக நோயாளர் தொகை இறங்கிவிட்டதென 2005-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாடு அறிவித்தது. ஆயினும், உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளரிற் பாதிக்கு மேற்பட்டவர் இன்றும் இந்தியரே. அவர்கள் தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம். மருந்து தோற்கவில்லை. மறைத்து வைத்தலே தோல்விக்குக் காரணம். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் ஒன்று குழந்தையின் தோலிற் கண்டால், பெண்ணுக்கு மணம் தடைப்படுமே, அக்கம்பக்கத்தார் அறிவார்களே என்று மறைப்பவர் இன்றும் உளர். மறைத்த ஒவ்வொரு மாதமும் ஒரு விரலின் விலை.

செம்பூரிலும் இத்தகைய பணி நெடுங்காலமாக நடைபெறுகிறது. உடற்குறையுடையோர்க்குச் சமவாய்ப்புக் கோரும் நாசியோ என்னும் தேசியச் சங்கம் 1968-இல் தோன்றியது. செம்பூரில் உள்ள அதன் நிலையத்தில் செயற்கைக் கால் பொருத்துவதும், பட்டறைத் தொழில் கற்பிப்பதும் ஒரே கூரையின் கீழ் நடைபெறுகின்றன. உடற்குறையுடையோர்க்கென நாட்டிலேயே முதலாவதான தனி வேலைவாய்ப்பு அலுவலகம் 1959-இல் திறக்கப்பட்டதும் இந்நகரில்தான். ஆகவே, வேலை தேடித் தரும் எண்ணம் இங்கே புதிதன்று. எண்ணம் பழையது, இடம் கொடுப்போர் தொகைதான் போதவில்லை.

உடலின் குறை கண்ணுக்குத் தெரிகிறது. மனத்தின் நோய் தெரிவதில்லை. மனநல மருத்துவர் பரத் வாட்வானியும் அவர் துணைவியார் ஸ்மிதா வாட்வானியும் 1988-இல் சிரத்தா மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினர். தெருவில் அலையும் மனநோயாளரை அழைத்து வந்து, குளிப்பாட்டி, உணவும் மருந்தும் கொடுத்து, தெளிவு வந்ததும் ஊரும் பெயரும் கேட்டறிந்து, குடும்பத்தாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பணி. கர்ஜத்தில் உள்ள அவர்கள் இல்லத்திலிருந்து நாட்டின் பல மூலைகளுக்கும் மக்கள் வீடு திரும்பியிருக்கின்றனர். இத்தொண்டிற்காக 2018-இல் பரத் வாட்வானிக்கு மகசேசே விருது வழங்கப் பெற்றது. நம் சென்னையிலோ, மருத்துவர் சாரதா மேனன் அவர்கள் 1984-இல் மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனத்தை ஏற்படுத்தி, மருந்தோடு தொழிற்பயிற்சியையும் இணைத்தார். மனநோயிலிருந்து தேறியவர்க்கு வேலை என்பது வெறும் ஊதியம் அன்று. காலையில் எழுவதற்கு ஒரு காரணம். குளித்து உடுத்துவதற்கு ஒரு காரணம். நால்வரோடு பேசுவதற்கு ஒரு வாய்ப்பு. மருந்தின் வேலையை அந்த வேலையே பின்னர்த் தாங்கி நிற்கிறது. வீடு சேர்ந்தவர் திண்ணையில் வாளா அமர்ந்திருக்க விடப்பட்டால், மருந்தும் நாளடைவில் நின்றுவிடும், நோய் திரும்பும்.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்காக 2016-இல் இயற்றப்பட்ட சட்டம், இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுக் கொண்டுள்ளது. தொழுநோயிலிருந்து குணமடைந்தவரும் மனநோயுற்றவரும் அதில் அடங்குவர். அரசுப் பணிகளில் நூற்றுக்கு நான்கு இடங்களை அது ஒதுக்குகிறது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டமும் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவிற்குக் காரணமாகக் காட்டும் பிரிவும் 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. முன்பு ஊனமுற்றோர் என்றோம். இன்று மாற்றுத் திறனாளி என்கிறோம். சொல் மாறியது நன்றே. ஆயினும் அரசுப் பணி எல்லோர்க்கும் கிட்டுவதன்று. இந்நகரில் பெரும்பாலோர் பிழைப்பது கடையிலும் பட்டறையிலும் சிறு அலுவலகத்திலும் உணவு விடுதியிலும்தான். அங்கே சட்டத்தின் கை எட்டுவதில்லை. நெஞ்சத்தின் கைதான் எட்ட வேண்டும்.

தமிழ் மக்கள் கொடை அறியாதவர் அல்லர். குழந்தையின் பிறந்த நாளிலும், பெற்றோரின் நினைவு நாளிலும் ஏதேனும் ஓர் இல்லத்திற்குச் சென்று ஒரு வேளை உணவு அளித்து வருகிறோம். அது நல்ல வழக்கம், தொடரட்டும். ஆனால், அன்று நம் கையால் உணவு பெற்றவர், மறுநாள் நம் கடை வாசலில் வந்து வேலை கேட்டால் நாம் என்ன விடை சொல்கிறோம்? "பாவம், இவரால் முடியாது" என்கிறோம். அல்லது, "வாடிக்கையாளர் முகம் சுளிப்பரே" என்கிறோம். இரக்கத்தோடு இலை போட்டவர்களே வேலைக்கு இடமில்லை என்றால், அவர் செல்லுமிடம் வேறெங்கே? ஒருநாள் உணவு அந்நாளின் பசியைத் தீர்க்கும். ஒரு வேலையோ அவர் வீட்டு அடுப்பை அவரே மூட்ட வைக்கும்.

இதில் நமக்குத் தனிக் கடமை ஒன்று உண்டு. நம்மில் பலருடைய தந்தையும் பாட்டனும் இந்நகருக்கு வந்த வகையை எண்ணிப் பாருங்கள். கையில் ஒரு தகரப் பெட்டி; தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற சான்றிதழ்; அல்லது அதுவும் இல்லாமல் உழைக்கும் தோள் மட்டும். மொழி தெரியாது, முகம் தெரியாது. ஊர்க்காரர் ஒருவர் சாலில் படுக்க இடம் கொடுத்தார். மற்றொருவர் தம் மேலாளரிடம், "நம்ம ஊர்ப் பிள்ளை, நம்பலாம்" என்று ஒரு சொல் சொன்னார். அந்த ஒரு சொல்லால் ஒரு குடும்பம் வேரூன்றியது. நம் சங்கங்கள் தோன்றியதும் அத்தகைய துணைக்காகவே. சிபாரிசு என்னும் சொல்லுக்குப் பிற்காலத்தில் இழிபொருள் வந்துவிட்டது. அன்று அது, அறியாதவனை அறிந்தவனாக்கும் அறம். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்று பயிற்சி முடித்தவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களும் நாம் அன்று நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள்: திறமை உண்டு, நம்புவார் இல்லை.

ஆகவே நம் சங்கம் மேற்கொள்ளத்தக்க சில செயல்களை இங்கே முன்வைக்கிறோம். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை.

முதலாவது, வேலைப் பதிவேடு ஒன்று. நம் உறுப்பினர்களுள் கடை நடத்துவோர், தணிக்கையாளர், அச்சகத்தார், உணவு விடுதி உடையோர், தையற்கூடம் வைத்திருப்போர் பலர் உளர். ஆண்டிற்கு ஒருவர்க்கு, அரைநாள் வேலையேனும் தர இயலும் என்போர் தம் பெயரை அதில் எழுதட்டும். அப்பதிவேட்டை அண்மையிலுள்ள பயிற்சி நிலையங்களிடம் சங்கம் சேர்க்கட்டும். வீட்டிற்கு அருகில் உள்ள வேலையாயின் மிகவும் நன்று. மின்சார ரயிலில் உடற்குறையுடையோர்க்கெனத் தனிப் பெட்டி உண்டு என்பது உண்மையே. ஆயினும் காலை வேளையில் தாதர் நிலையத்துப் படிகளில் ஊன்றுகோலோடு ஏறி இறங்குவது எத்தகைய துன்பம் என்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம்.

இரண்டாவது, துணைநிற்றல். வேலையிற் சேர்த்துவிட்டதோடு கடமை முடிந்ததெனக் கருதலாகாது. முதல் மூன்று மாதங்களே இடர் மிகுந்தவை. உடன் பணியாற்றுவோர் ஒதுங்குவர். முதலாளி பொறுமை இழப்பார். புதியவர் தாமே நின்றுவிடுவார். பணி ஓய்வு பெற்ற பெரியோர் ஒருவர் வாரம் ஒருமுறை அங்கே சென்று இருவரிடமும் பேசி வந்தால், பெரும்பாலான சிக்கல்கள் அரும்பிலேயே அவிழும். சூடான பாத்திரத்தை இவரிடம் கொடுக்க வேண்டாம். பொட்டலம் கட்டக் கொடுங்கள். காலை மருந்தின் மயக்கம் தெளியப் பத்து மணியாகும். பத்தரைக்கு வரச் சொல்லுங்கள். இத்தகைய சிறு மாற்றங்களே ஒருவரை வேலையில் நிலைக்க வைக்கின்றன.

மூன்றாவது, மொழித்துணை. தாராவியிலும் பிற இடங்களிலும் வாழும் நம் முதியோர் பலர்க்குத் தமிழன்றி வேறு மொழி சரளமாக வாராது. மருத்துவமனையிலும் சான்றிதழ் வழங்கும் இடத்திலும் மராத்தியிலோ இந்தியிலோ கேட்கும் வினாவிற்கு விடை சொல்லத் தெரியாமல், பெற வேண்டிய அடையாள அட்டையையும் உதவியையும் இழக்கின்றனர். நம் கல்லூரி மாணவர் மாதத்திற்கு ஒருநாள் உடன் சென்றாற் போதும். மாதுங்காவில் பிறந்த பிள்ளையும் தாராவியில் பிறந்த பிள்ளையும் ஒருவரை ஒருவர் அறிவதற்கும் அது வழியாகும். ஒரே மொழி பேசி, ஒரே நகரில் வாழ்ந்தும், நாம் இரு கரைகளில் நிற்கிறோம் என்பதை மறைப்பதிற் பயனில்லை.

நான்காவது, நம் வீட்டுக் கதவு. இதுவே அனைத்தினும் கடினமானது. உறவினர் வரும்போது உள்ளறைக்கு அனுப்பப்படும் தம்பியையும் அண்ணனையும் முன்னறைக்கு அழைத்து வருவோம். அடுத்த ஆண்டு விழாவிற்கு அவர்களையும் அழைத்து வருவோம். மேடைக்கு ஏறப் படிகள் மட்டும் இருந்தால் ஒரு சரிவுப் பலகை இடுவோம். நம் வீட்டுப் பிள்ளையை நாமே மறைத்துவிட்டு, பிறர் வேலை தரவில்லை என்று குறை கூறுவது முறையன்று.

தொண்டு நிலையங்களையும் நாம் கண்மூடிப் போற்ற வேண்டுவதில்லை. காப்புப் பட்டறைகளில் ஊதியம் பெரும்பாலும் குறைவு. பல்லாண்டுகள் அங்கேயே தங்கிவிட்டால், அதுவும் வெளியுலகிற்கு இடையே ஒரு மதிலாகிவிடும். இதனை உணர்ந்த நிலையங்களே இன்று வெளி வேலைக்கு மக்களை அனுப்ப முயல்கின்றன. அனுப்புவதற்கு அவர்கள் ஆயத்தம். பெற்றுக் கொள்வதற்கு நாம் ஆயத்தமா என்பதே வினா.

அன்பர்களே! வேலூரில் நிமிர்ந்த கை வேலையின்றி மீண்டும் மருத்துவர் வாசலுக்கு வந்தது. ஹாஜி அலியில் நடை பெற்ற பிள்ளைக்குப் பட்டறை ஒன்று தேவைப்பட்டது. கர்ஜத்தில் தெளிந்த மனம் வீட்டிற்குத் திரும்பியபின் ஒரு வேலையை நாடுகிறது. மருத்துவர் தம் பாதியை முடித்துவிட்டார். எஞ்சிய பாதி நம் கடைப்பலகையிலும், அலுவலக மேசையிலும், நாம் சொல்லப் போகும் ஒரு நல்ல சொல்லிலும் உள்ளது. வேலைப் பதிவேட்டின் முதல் ஏடு இன்று வெற்றேடாக இருக்கிறது. இவ்விழா முடிந்து இல்லம் திரும்புமுன், இயன்றவர்கள் அதில் தம் பெயரை எழுதிச் செல்லுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.